அப்பா நேத்து சாயங்காலம் வீட்டுக்கு வந்துட்டாரு

சுகர் இருக்கற அப்பாவுக்கு கால்ல கிருமி ஏறி சதை அழுகிப் போனது உங்க எல்லாருக்கும் தெரியும், அதை முழுசா மறுபடி எழுத கை வரல. கால் இருக்கு, ஆள் இருக்காரு, நேத்து ராத்திரி களி ஒரு உருண்டை முழுசா சாப்ட்டாரு.

தர்மபுரில அந்த ராத்திரி கால பாத்த உடனே விடியற வரைக்கும் வெச்சுக்காதீங்க, இப்பவே தியேட்டருக்கு போகணும்னு சொன்ன டாக்டரம்மா, அப்புறம் பெங்களூர்ல மூணு தடவ அழுகுன சதைய எடுத்த சர்ஜன், ரத்தம் குடுக்க பாலக்கோட்டுலருந்து பஸ் ஏறி வந்த பசங்க, ஓசூர் தாண்டற வரைக்கும் எங்கயும் நிக்காத ஆம்புலன்ஸ் அண்ணா, மாட்டுக்கு ரெண்டு வேளையும் தண்ணி காட்டுன சித்தப்பா, கேக்காமயே ஜிபே பண்ணவங்க, எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் நேர்ல வருவேன்.

ஆனா ஒரு அக்காவ பத்தி எழுதியே ஆகணும்.

பெங்களூர் ஆஸ்பத்திரில அப்பாவ படுக்க வெச்ச ஆக்ஸிஜன் பெட்டிதான் காப்பாத்துச்சுன்னு ஊர்ல பேசிக்கறாங்க, அப்படி இல்ல. ஆபரேஷனும் ஆன்டிபயாடிக்கும்தான் முக்கியம், இது கூட ஒரு துணைன்னு டாக்டர் மொதல்லயே சொல்லிட்டாரு. ஆள் படுக்கற அளவு கண்ணாடி மாதிரி குழாய், உள்ள சுத்தமான ஆக்ஸிஜன சாதாரண காத்தழுத்தத்துல ரெண்டரை மடங்கு அழுத்தத்துக்கு ஏத்தறாங்க, அது ரத்தத்துலயே கரைஞ்சு, ஓட்டம் கொறஞ்ச சதை வரைக்கும் போகுமாம், கிருமிய கொல்ற வெள்ளை அணுவுக்கும் அது வேணுமாம். ஒரு தடவைக்கு 90 நிமிஷம்.

மொத நாள் அம்மா வழக்கம் போல அப்பா தலைக்கு தேங்காண்ண வெச்சு வாரி விட்டுட்டாங்க. அவ்ளோ ஆக்ஸிஜன் இருக்கற எடத்துல எண்ண ஆகாது, தீப்பிடிக்கும், பருத்தி துணி மட்டும்தான் போடலாம், அதனால இன்னிக்கு வேணாம்னுட்டாங்க. அம்மா செவுத்துல சாஞ்சு அழுதுட்டு இருந்தாங்க. காரிடார்ல தரை தொடச்சிட்டு இருந்த அக்கா எங்க பேச்ச கேட்டு, தர்மபுரியா, நான் பென்னாகரம்னாங்க. பேசிட்டு இருக்கும் போதே ஒரு பேசின்ல வெந்நி வந்துச்சு, ஷாம்பு பாக்கெட்ட பல்லால கிழிச்சாங்க, ஸ்ட்ரெச்சர்ல படுத்திருந்தவரோட கழுத்த எடது கைல ஏந்திக்கிட்டு, காதுல தண்ணி போகாம ரெண்டு தடவ தேய்ச்சு கழுவுனாங்க. வெள்ளை பஞ்சால தொடச்சு, எண்ண ஒட்டலன்னு டெக்னீஷியன்கிட்ட காட்டுனாங்க. அன்னிக்கே உள்ள எடுத்துக்கிட்டாங்க.

அப்பாவுக்கு காது மந்தம். அழுத்தம் ஏறும்போது காது அடைக்கும், எச்சில் முழுங்கணும்னு ஸ்பீக்கர்ல சொல்றது அவருக்கு கேக்கல, பயந்து கண்ணாடிய தட்ட ஆரம்பிச்சிட்டாரு. டூட்டி முடிஞ்சு பையோட நின்ன அந்த அக்கா வந்து கண்ணாடி கிட்ட முகத்த வெச்சு, தொண்டைய தொட்டு காட்டி முழுங்குனாங்க, வாய பெருசா தொறந்து கொட்டாவி விட்டாங்க. அப்பா அவங்களயே பாத்து அப்படியே செஞ்சாரு. அழுத்தம் ஏறி முடியற வரைக்கும் நகரல. எங்க அப்பாவுக்கு அவங்க யாரு? நான் மகன், எனக்கு அது தோணல.

இனி எங்க தெருவுல சுகர் இருக்கற பெரியவங்க பாதத்த வாரா வாரம் நானே குனிஞ்சு பாக்கப் போறேன். முள்ளு குத்துனா கூட சொல்லுங்க.

அக்கா, உங்க நம்பர் வாங்காம வந்துட்டேன். அடுத்த செக்கப்புக்கு வரும்போது உங்களுக்குன்னு அம்மா ராகி மாவு அரைச்சு வெச்சிருக்காங்க, அதே காரிடார்ல வந்து தேடறோம்.