குடியிருப்போர் நலச்சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சந்தா, தெருவிளக்கு, பொங்கல் விழாச் செலவு எல்லாம் பொருளாளர் அறிக்கையில் இருக்கின்றன. நான் மழைநீர் வடிகாலைப் பற்றி மட்டும் பேசுகிறேன். இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பங்கு அதற்குத்தான் போனது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அதற்குப் பிறகுதான் சேர்வராயன் மலையில் கொட்டித் தீர்த்தது. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. அடிவாரத்தில் இருக்கும் நம் ஊர் ஓடை வழியாக ஏரிக்குப் போய், ஏரி நிரம்பினால் கோடி (உபரிநீர் வெளியேறும் இடம்) வழிந்து சரபங்கா ஆற்றில் சேர வேண்டிய தண்ணீர் கடைவீதியில் முழங்கால் அளவு நின்றது. கோயில் தெருவில் அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டு ராத்திரி முழுக்க விழித்திருந்தார்கள்.

அந்தத் தெருவில் புது வடிகால் கட்டி இரண்டு வருடம்கூட ஆகவில்லை என்பதுதான் மனதை உறுத்துகிறது. காங்கிரீட்டில் குறையில்லை. தை மாதம் ஏரிக்கரையில் தொடங்கி மேல்நோக்கி நடந்து, டேப் பிடித்து அளந்தோம். வடிகால் 3 அடி அகலம். அது சாலையைக் கடக்கும் இடத்தில் பழைய குழாய் ஒன்றரை அடி, அதிலும் பாதி செம்மண். மேலே அகலப்படுத்தியவர்கள் கீழே கைவைக்கவே இல்லை. முன்பு மெதுவாக வந்த தண்ணீர் இப்போது வேகமாக வந்து அதே குழாயில் முட்டுகிறது.

ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர். மலைச்சரிவில் அதை மண் உறிஞ்ச நேரம் கிடைப்பதில்லை. “பக்கத்தில் இன்னொரு குழாய் போடலாமே” என்று சிலர் கேட்டீர்கள். அதே அளவுக் குழாய் இன்னொன்று போட்டால் இரண்டு மடங்கு தண்ணீர் போகும். விட்டத்தையே இரண்டு மடங்காக்கினால், அதே சரிவில் ஆறு மடங்குக்கு மேல் போகும். அதனால்தான் அந்த இடத்தில் பெட்டி வடிவச் சிறுபாலம் வேண்டும் என்று மனு கொடுத்தோம். வேலை ஏரியிலிருந்து மேல்நோக்கித்தான் நடக்க வேண்டும் என்றும் எழுதினோம். மூன்று மனுவுக்குப் பிறகு அதிகாரிகள் வந்து அளந்து போயிருக்கிறார்கள். வேலை இன்னும் தொடங்கவில்லை.

புலப்படத்தின் (நில அளவை வரைபடம்) நகல் வாங்கிப் பார்த்தபோது, ஓடை இப்போது இருப்பதைவிட அகலமானது என்று தெரிந்தது. இரண்டு குடும்பத்தார் யாரும் கேட்காமலே வேலியைப் பின்னால் நகர்த்தினார்கள். சங்கம் அவர்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது. அப்புறம், வடிகாலில் குப்பை கொட்டுவது நம் ஆட்கள்தான். ஸ்லாப்பைத் திறந்தபோது பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

பாலம் வரும்வரை குழாய் அடைத்துக்கொள்ள நாம் விடக்கூடாது. ஐப்பசி மழைக்கு முன்னால் மண் எடுக்க வேண்டும். ஆவணி முதல் ஞாயிறு காலை 6 மணிக்கு, வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு ஏரிக்கரைக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்