இரும்புக்கைக்கு ஒரு தட்டு கொடுங்கள்

எங்கள் ஊர்க் கிளை நூலகப் பொறுப்பாளர்களுக்கும் வாசகர் வட்டப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் பழைய புத்தகங்களைக் கழித்த விவரம் உங்களுக்கே தெரியும். அதில் ஒன்றைப் பழைய பேப்பர் கடைத் தராசில் பார்த்தேன். என் அப்பா தைத்த பைண்டிங்.

அப்பா விசைத்தறி ஓட்டியவர். முத்து காமிக்ஸ் தமிழில் வெளியிட்ட இரும்புக்கை மாயாவி படக்கதைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, பாவு நூலை முறுக்கித் தைத்து, போர்வைத் துணியில் அட்டை போட்டார். பார்வை மங்கியதும், "நாலு பிள்ளைக படிக்கட்டும்" என்று நூலகத்துக்குக் கொடுத்தார். உங்கள் நன்கொடை முத்திரை முதல் பக்கத்தில் இன்னும் அழியவில்லை. ஒன்றே முக்கால் கிலோ இருந்தது. காசு கொடுத்து வாங்கி வந்தேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஏன் கழித்தீர்கள் என்று நூலகத்தில் கேட்டதற்கு, "அது வெறும் பொம்மைக் கதைங்க" என்றார்கள். சரிங்க. 1962இல் லண்டனின் வாலியண்ட் வார இதழில் தொடங்கிய தொடர் அது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்ததும் இதே மாயாவிதான். வரைந்தவர் பார்சிலோனாவின் ஹெசூஸ் பிளாஸ்கோ.

மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடல் மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் தெரியும். இல்லாத ஆளை எப்படி வரைவது? பிளாஸ்கோவின் படத்தில் அந்தரத்தில் நிற்கும் கையின் சாய்வைப் பார்த்தாலே, ஆள் குனிந்திருக்கிறானா பாய்கிறானா என்று தெரிந்துவிடும். எதிரே நிற்பவன் முகத்தில் மிச்சம் தெரியும். வெறும் கறுப்பு மையில் தெருவிளக்கு, நிழல், சுவரோரப் பயம் எல்லாம் வந்துவிடும். அதைப் படித்துவிட்டுத் தறிக்குடோன் சுவிட்ச் போர்டில் கை வைக்கப் போய் நான் வாங்கிய அறையை அப்பா இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

நான் கேட்பது புத்தக அலமாரியில் ஒரே ஒரு தட்டு. அந்தப் புத்தகத்தைத் திரும்ப எடுத்து வையுங்கள்.

இடமில்லை என்கிறீர்கள். ஆண்டு கடந்த பொது அறிவு மலர்களுக்கு முழு பீரோ இருக்கிறது. போன ஆட்சியின் அமைச்சர் பட்டியலை மனப்பாடம் செய்ய யார் வருகிறார்களோ! மழை ஒழுகும் மூலைக்கு நான்கு வருடமாக ஒரு பக்கெட் வைத்திருக்கிறோம், அதற்குக்கூட இடம் கிடைத்தது. பிள்ளைகள் நூலகப் பக்கமே வருவதில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் வருத்தப்படுகிறோம். வந்தால் எதைக் கொடுப்போம்?

கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன், மன்னியுங்கள். வயதில் சிறியவன் கேட்கிறேன்: ஒரு தட்டு. இனிக் கழிக்கும்போது, நன்கொடை முத்திரை உள்ளவற்றைக் கொடுத்தவர் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கழியுங்கள்.

வெள்ளிக்கிழமை உங்களுக்கு விடுமுறை. சனிக்கிழமை காலை புத்தகத்தைக் கொண்டு வருகிறேன். பதிவேட்டில் புது எண் போட்டால் போதும். முத்திரை ஏற்கனவே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பழைய உறுப்பினன்