அதே விரல், அதே ஒரு சொட்டு இரத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் தென்னாப்பிரிக்க மகளிர் தினச் சிறப்பிதழ் படித்தேன். 1956 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்டோரியாவில் ஊர்வலம் போன 20,000 பெண்களில் தொடங்கி, நம் வீட்டுப் பெண்கள் டாக்டராகவும் வக்கீலாகவும் இருப்பது வரை எழுதியிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் எச்.ஐ.வி. பற்றி ஒரு வரி கூட இல்லை. 75 லட்சம் பேருக்கு மேல் அந்தக் கிருமியோடு வாழும் நாட்டில், அதுவும் தொற்று மிக அதிகமுள்ள குவாசூலு நட்டால் மாகாணத்தில் இருந்துகொண்டு, பெண்களைப் பற்றி எழுதும்போது இதை எப்படி விட்டீர்கள்?

போன மாதம் எங்கள் கோயில் மண்டபத்தில் சர்க்கரையும் பிரஷரும் பார்க்கும் முகாம் நடந்தது. நான் பெயர் எழுதும் மேசையில் இருந்தேன். ஆன்ட்டிமார் கலகலவென்று பேசிக்கொண்டே வரிசையில் வந்து விரலை நீட்டினார்கள். வந்திருந்த நர்ஸ், எச்.ஐ.வி. பரிசோதனைக் கருவியும் இருக்கிறது, விரும்புகிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பேச்சு அப்படியே நின்றது. ஒருவர் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். இன்னொருவர் என் காதருகே குனிந்து, "நாமெல்லாம் குடும்பப் பெண்கள், நமக்கு எதுக்கும்மா?" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. இரண்டு பிள்ளைகளும் வயிற்றில் இருந்தபோது கிளினிக்கில் பரிசோதித்ததோடு சரி. அப்புறம் பதினேழு வருடம் நானும் பார்க்கவில்லை. டிகிரி படித்தவள், கார் ஓட்டுகிறவள், சம்பளம் வாங்குகிறவள். ஆனாலும் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. "என் மேலே சந்தேகமா?" என்பார், இல்லாவிட்டால் "நீ என்ன செய்தாய்?" என்பார் என்ற பயம். சென்ற ஆண்டுதான் துணிந்து, "வாங்க, இரண்டு பேருமே போய்ப் பார்த்துக்கொண்டு வந்துவிடலாம்" என்றேன். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவராகவே சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

அரசு கிளினிக்கில் இந்தப் பரிசோதனைக்குக் காசு வாங்குவதில்லை. இருபது நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும். கணவரின் அனுமதி யாரும் கேட்பதில்லை; சட்டப்படி 12 வயதான பிள்ளையே தன் பரிசோதனைக்குச் சம்மதம் தரலாம். சமீபத்தில் தொற்று ஏற்பட்டிருந்தால் உடனே தெரியாமல் போகலாம், அதனால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள். கிருமி இருந்தால் காத்திருக்காமல் சிகிச்சை தொடங்கலாம்; 2016 முதல் இதுதான் நடைமுறை. தினம் ஒரு மாத்திரை. இரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவின் மூலம் அது துணைக்குப் பரவாது. இதை எங்கள் மண்டபத்தில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

நம் பெண் பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்கு அதிகக் கவலை. 15 முதல் 24 வயதுவரை, அதே வயதுப் பையன்களைவிடப் பெண்களுக்குத்தான் இங்கே தொற்று மிக அதிகம். டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட்டில் பிறந்த பேராசிரியர் குவாரிஷா அப்துல் கரீம் 1990களின் தொடக்கத்திலேயே இந்த மாகாணத்தில் ஆராய்ந்து இந்த வேறுபாட்டைக் காட்டினார். பள்ளியை விடாமல் போகிற பெண்களுக்கு ஆபத்து குறைவு என்பதை ம்புமலாங்கா மாகாணத்தில் நடந்த ஆய்வு சொல்கிறது. அதனால் "படிப்பு போதும், வீட்டோடு இரு" என்று மகளை நிறுத்தும் பெற்றோர், அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நேர்மாறாகச் செய்கிறார்கள்.

கோயில் நிர்வாகிகளுக்கு உங்கள் பத்திரிகை மூலம் ஒரு வேண்டுகோள். புரட்டாசியில் அடுத்த முகாம் வைக்கும்போது சர்க்கரை மேசைக்குப் பக்கத்து அறையில் ஒரு பெண் நர்ஸை உட்கார வையுங்கள். கதவை மூடி வையுங்கள். எல்லாரையும் ஒருவர் விடாமல் அந்த அறை வழியாகவே அனுப்புங்கள். உள்ளே போய்ப் பரிசோதித்துக்கொள்வதா வேண்டாமா என்பதை அவரவர் முடிவு செய்யட்டும்; அப்போது யார் பார்த்துக்கொண்டார், யார் பார்க்கவில்லை என்று வெளியே நிற்பவர்களுக்குத் தெரியாது. பெயர் எழுத நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வர்த், டர்பன்