எட்டாம் இடமும் ரசப்பொடி டின்னும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு வந்த உயர்கல்விக் கட்டுரையில் ‘தரவரிசையே சிங்கப்பூரின் மென்சக்தி’ என்று ஒரு வரி இருந்தது. மென்சக்தி என்றால், மிரட்டாமல் பிற நாட்டவர் மனத்தைக் கவரும் ஆற்றல். நம் தேசியப் பல்கலைக்கழகம் 2026ஆம் ஆண்டுக்கான கியூஎஸ் உலகப் பல்கலைக்கழகத் தரவரிசைப் பட்டியலில் 8ஆம் இடம் என்றால் எனக்கும் பெருமைதான். ஆனால் எட்டாம் இடத்தைப் பார்த்து ஒரு நாட்டின்மேல் பாசம் வைத்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

கிளமெண்டியில் என் மூவறை வீட்டின் ஓர் அறையை மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டுவருகிறேன். வியட்னாமியப் பையன் ஒருவன் வந்தான். முன்பு இருந்த வீட்டில் சமைக்கக் கூடாது, ஃபிரிட்ஜில் ஒரு தட்டு வைக்க இடமில்லை, குளித்துக்கொண்டிருக்கும்போதே ஹீட்டர் சுவிட்சை வெளியிலிருந்து அணைத்துவிடுவார்களாம். என் வீட்டில் முதல் நாள் ரசம் குடித்துவிட்டு, இது சூப்பா மருந்தா என்று கேட்டான். அப்புறம் அவனே வைக்கக் கற்றுக்கொண்டான். ரசப்பொடி இருந்த மைலோ டின்னில் அவன் மொழியில் எழுதி ஒட்டிய சீட்டு இன்னும் இருக்கிறது. கல்விக் கட்டண மானியத்துக்காக மூன்று ஆண்டு இங்கே வேலை பார்த்து, ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குப் போனான். போகும்போது கேட்டது அரைக் கிலோ ரசப்பொடி. தீபாவளிக்குத் தவறாமல் அழைக்கிறான். இதற்கு எந்தப் பட்டியலில் என்ன இடமோ!

நாங்களும் அந்தப் பக்கம் இருந்தவர்கள்தானே? ஆசிய நாடுகளுக்கு உதவ வந்த கொழும்புத் திட்டத்தில் ஆஸ்திரேலியா போய்ப் படித்த என் அறிவியல் ஆசிரியை, கடைசிவரை பேசியது அடிலெய்டில் தனக்குக் கம்பளிச் சட்டை பின்னிக் கொடுத்த வீட்டுக்காரம்மாவைப் பற்றித்தான். பல்கலைக்கழகத்தைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததாக நினைவில்லை.

பழைய கதை இன்னொன்றும் உண்டு. அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று ‘தமிழ் முரசு’ நிறுவனர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டியதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் அப்பாவும் ஒரு வெள்ளி (டாலர்) கொடுத்தார். 1956இல் இங்கே தொடங்கிய இந்திய ஆய்வியல் துறை, அப்புறம் கோலாலம்பூருக்குப் போய்விட்டது. தமிழில் பட்டம் படிக்க ஆசைப்பட்ட என் அக்கா கடைசியில் தட்டச்சுதான் படித்தாள். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் தமிழ் படிக்க இங்கே வந்திருக்க வேண்டும் ஐயா. அந்த மென்சக்தியை யார் கணக்கில் எழுதுவது? கட்டுரையாளருக்கு ஓய்வு இருந்தால் சொல்லட்டும்.

சரி, வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் வரி விளம்பரங்களில் ‘மாணவருக்கு அறை’ என்று வரும்போது, சமைக்கலாமா, ஃபிரிட்ஜில் இடம் உண்டா என்று விளம்பரம் தருபவரிடம் கேட்டு அதையும் சேர்த்துப் போடுங்கள். ஒரு வரி கூடும். முடிந்தால் வெந்நீரையும் கேளுங்கள்.

இப்படிக்கு,
கிளமெண்டி வாசகி