அரசி சொல்லாத சொல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14-ஐ ஒட்டி நீங்கள் வெளியிட்ட சிறப்புப் பக்கத்தைப் படித்தேன். பாஸ்தீய் சிறை உடைப்பு பற்றிய பகுதி நன்றாக வந்திருக்கிறது. ஆனால் 'ரொட்டி இல்லாவிட்டால் கேக் சாப்பிடட்டும்' என்று பிரெஞ்சுப் புரட்சிக்கால அரசி மரி அந்துவானெத் சொன்னதாக ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். முப்பது வருடம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவள் நான். பிள்ளைகள் வருடா வருடம் இதையே எழுதிக்கொண்டு வருவார்கள், நானும் சளைக்காமல் அடித்துத் திருத்துவேன்.

எழுத்தாளர் ரூசோ 1760-களில் எழுதிய தன்வரலாற்றில் இந்தப் பேச்சு வருகிறது. யாரோ ஒரு பெரிய இளவரசி சொன்னதாக, பெயரில்லாமல். அப்போது மரி அந்துவானெத் ஆஸ்திரியாவின் வியன்னாவில் விளையாடித் திரிந்த சிறுமி. பிரான்சுக்கு மருமகளாக வந்ததே 1770-இல், 14 வயதில்தான். அப்புறம், அது கேக்கும் இல்லை, பிரியோஷ். முட்டையும் வெண்ணெயும் சேர்த்துச் சுடுவார்களே, நம்மூர் ரொட்டிக்கடைகளில்கூடக் கிடைக்கிறதே, அதுதான்.

அவர் எதைச் செய்தாலும் பழிதான் வந்தது. 1783-இல் மெல்லிய மஸ்லின் உடையில் அவருடைய ஓவியம் பாரிஸ் கண்காட்சிக்கு வந்தது. அந்தக் காலத்தில் மஸ்லின் என்றாலே இந்தியச் சரக்கு. உள்ளாடையோடு நிற்கிறாள், நம் பட்டு நெசவாளர் வயிற்றில் அடிக்கிறாள் என்று கூச்சல் எழுந்து, படத்தையே இறக்கிவிட்டார்கள். பட்டு உடுத்தினால் ஊதாரி, பருத்தி உடுத்தினால் மானங்கெட்டவள். இரண்டு வருடம் கழித்து வைர அட்டிகை விவகாரம். அரசி பெயரைச் சொல்லி ஒரு கூட்டம் கர்தினால் ரோஆன் என்ற உயர் மதகுருவை ஏமாற்றி அதை வாங்க வைத்தது. அந்த நகை அரசியின் கைக்கு வரவே இல்லை, கெட்ட பெயர் மட்டும் அவருக்கே வந்து சேர்ந்தது. நாட்டின் கடனுக்கும் அவர் சேலை துணிமணியைத்தான் காட்டினார்கள். அமெரிக்க விடுதலைப் போருக்கு அள்ளிக் கொடுத்த பணத்தோடு ஒப்பிட்டால் அதெல்லாம் எம்மாத்திரம்?

சரி, அவர் குற்றமே செய்யாதவர் என்று நான் சொல்ல வரவில்லை. சூதாட்டத்திலும் ஆடம்பரத்திலும் பணத்தை வாரி இறைத்தது உண்மை. 1792-இல் பிரெஞ்சுப் படையின் திட்டத்தை ஆஸ்திரியத் தரப்புக்குத் தெரிவித்தார். அது சின்னக் குற்றமா? அதை எழுதுங்கள், நான் ஆட்சேபிக்க மாட்டேன். ஆனால் 1793 அக்டோபரில் விசாரணை மன்றத்தில் அவர்மேல் சுமத்தியதில் ஒன்று, பெற்ற மகனையே, எட்டு வயதுப் பிள்ளையையே, தகாத முறையில் நடத்தினார் என்பது. அவர் பதில் சொல்லவில்லை. ஏன் வாய் திறக்கவில்லை என்று மறுபடி கேட்டபோது, ஒரு தாய்மேல் இப்படிப் பழி சொன்னால் அதற்குப் பதில் சொல்ல இயற்கையே மறுக்கிறது, இங்கே இருக்கிற எல்லாத் தாய்மாரிடமும் முறையிடுகிறேன் என்றார். அக்டோபர் 16-ஆம் தேதி தலையை வெட்டினார்கள். வயது 37. இந்தப் பாடத்தை ஒரு வருடம்கூட என்னால் தொண்டை அடைக்காமல் நடத்த முடிந்ததில்லை.

அடுத்த ஜூலையிலும் சிறப்புப் பக்கம் போடுவீர்கள். அவர் சொல்லாத அந்த வரியை எடுத்துவிட்டு, மன்றத்தில் நின்று சொன்னதைப் போடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி