பன்னிரண்டாம் அத்தியாயத்துக்குப் பிறகு: ஒரு நன்றி மடல்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

1987இல் யாழ்ப்பாணத்திலிருந்து ஸ்டுட்கார்ட் வந்தபோது எனக்குப் பத்து வயது. ஜேர்மன் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. பள்ளி விட்டதும் நகர நூலகத்தின் மூலையில் போய் உட்கார்ந்திருப்பேன். அங்கே வேலை பார்த்த ஒரு அம்மா ஒருநாள் 'முடிவில்லாத கதை'யைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்துவைத்தார். முதல் நன்றி அவருக்கு.

மிகாயேல் எண்டே எழுதிய அந்த நாவலை 1979இல் வெளியிட்டதும் ஸ்டுட்கார்ட் பதிப்பகம்தான். நம் உலகில் நடப்பதெல்லாம் சிவப்பு மையிலும், கற்பனை உலகமான ஃபந்தாசியனில் நடப்பதெல்லாம் பச்சை மையிலும் அச்சாகியிருக்கும். அத்தியாயங்கள் 26, அகரவரிசையில் எழுத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் அதன் எழுத்து பெரிய ஓவியமாக நிற்கும். நான் ஜேர்மன் எழுத்துப் பழகியது அந்த ஓவியங்களில்தான். தட்டுத்தடுமாறி ஒரு வருடத்தில் 'எல்' எழுத்துவரை வந்தேன். பன்னிரண்டாம் அத்தியாயம். அதோடு டோட்முண்டுக்கு வீடு மாறினோம். புத்தகம் நூலகத்துக்கே திரும்பிப் போனது.

டோட்முண்டில் மேல்மாடிக் குடும்பத்தார் தங்கள் பிள்ளைகளோடு என்னையும் இருத்தி, அந்த நாவலை வைத்து வொல்ஃப்காங் பீட்டர்சன் இயக்கிய 1984ஆம் ஆண்டுப் படத்தை வீடியோவில் காட்டினார்கள். ஆர்த்தாக்ஸ் என்ற குதிரை துயரச் சேற்றில் அமிழ்ந்தபோது நான் அழுத அழுகையைப் பார்த்து, அந்த வீட்டு அம்மா படத்தை நிறுத்திவிட்டு என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்தக் கைக்கு நன்றி.

படம் நாவலின் முற்பாதியோடு முடிந்துவிடுகிறது. எண்டே அதைப் பார்த்து மனம் நொந்து, தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. மிச்சக் கதையும் இப்படித்தான் இருக்கும் என்று முப்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டேன்.

மச்சாள், போன மாரியில் பழைய பொருட்கள் சந்தையில் சிவப்பும் பச்சையுமாக அதே புத்தகத்தைக் கண்டு, எப்போதோ நான் சொன்னதை நினைவில் வைத்து வாங்கி அனுப்பினீர்களே, அதற்கு எப்படி நன்றி சொல்வேன்? பொதியைப் பிரித்ததும் பதின்மூன்றாம் அத்தியாயத்தைத்தான் தேடினேன்.

பிற்பாதியில், நம் உலகிலிருந்து அந்தக் கதையை வாசித்துக்கொண்டிருந்த சிறுவன் பஸ்டியான் ஃபந்தாசியனுக்குள்ளேயே போய்விடுகிறான். அங்கே விரும்பியதெல்லாம் நடக்கிறது. ஆனால் ஒவ்வொரு விருப்பத்துக்கும் ஒரு நினைவு பறிபோகிறது. அம்மா அப்பாவையும் மறந்து, சொந்தப் பெயர் மட்டும் மிஞ்சிய நிலையில், இருண்ட சுரங்கம் ஒன்றில் மறந்துபோன கனவுகளின் படங்களைத் தோண்டி எடுக்கிறான். ஒரு படத்தில், வெள்ளை மேலங்கி அணிந்த மனிதர் ஒருவர் பனிக்கட்டிக்குள் அடைபட்டுத் துயரத்தோடு நிற்கிறார். யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. ஆனாலும் அவருக்காக ஏங்குகிறான். இந்த இடத்துக்கு வராமலே படம் முடிந்துபோனதை என்னால் பொறுக்க முடியவில்லை, படத்தில் வரும் வெள்ளைப் பறக்கும் நாகம் இன்றும் எனக்கு உயிர் என்றாலும்.

அப்பா, கடைசியாக உங்களுக்கு. உணவகத்தில் இரவெல்லாம் பாத்திரம் கழுவிவிட்டு வந்து, விளக்கை அணைக்காமல் வாசித்துக்கொண்டிருக்கும் என்னைப் பார்த்தும் ஒன்றும் சொல்லாமல் போவீர்கள். ஊரைவிட்டு வந்த பிறகு யாரோடும் நீங்கள் அதிகம் பேசியதில்லை. இப்போது ஞாயிறுதோறும் தொலைபேசியில் இந்தக் கதையைத் தமிழில் சொல்லி வருகிறேன். நீங்களும் கேட்டு வருகிறீர்கள். போன ஞாயிறு சுரங்கத்தைச் சொல்லி முடித்ததும் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த இடத்தை இன்னொருமுறை சொல்லு" என்றீர்கள்.