அன்னஞ்சித் தக்காளி

பெரியகுளம்
ஆனி 5

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி சற்றுக் குறைந்திருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடந்த நான்கு ஞாயிற்றுக்கிழமைகளாக நீ முகம் காட்டாமல் குரலில் மட்டும் பேசுகிறாய். இணைப்பு சரியில்லை என்று சொன்னாய், அப்படித்தான் இருக்கும். நான் எழுத உட்கார்ந்தது தக்காளியைப் பற்றி.

சென்ற வாரம் அன்னஞ்சியில் ஒரு துக்கம் விசாரித்துவிட்டுத் திரும்பும்போது, சாலையோரத் தோட்டத்தின் வரப்பில் ஒரு இளைஞன் கூடையில் தக்காளி வைத்திருந்தான். தட்டையாக, பூசணிக்காயைப் போல வரி வரியாகப் பள்ளம் விழுந்து, பழுத்த பிறகும் காம்பைச் சுற்றிப் பச்சை மாறாத பழங்கள். எத்தனையோ ஆண்டுகளாகக் கண்ணில் படாத நாட்டுத் தக்காளி. அவனுடைய பாட்டி வைத்திருந்த விதையை விடாமல் போட்டு வருவதாகச் சொன்னான். இரண்டு கிலோ வாங்கினேன். தோல் மெல்லியது என்பதால் வீடு வந்து சேர்வதற்குள் அடியில் இருந்தவை நசுங்கிவிட்டன. பேருந்தில் பக்கத்தில் இருந்தவர், என்ன இந்த மணம் என்று திரும்பிப் பார்த்தார்.

அன்று இரவு அம்மா புளி கரைக்கவே இல்லை. பழத்தைக் கையாலேயே பிசைந்து, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு ரசம் வைத்தாள். நான் மூன்று முறை ஊற்றிக்கொண்டேன். அம்மா பாதியில் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். உனக்கு அந்த ரசம் எவ்வளவு பிடிக்கும் என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

காம்பைச் சுற்றியுள்ள அந்தப் பச்சையை அழுக்கு என்று நினைத்து வாங்காமல் போகிறவர்கள் உண்டு. காய்ப் பருவத்தில் அங்கேதான் பச்சையம் செறிந்திருக்கிறது; இலையைப் போலவே காயும் வெயிலில் கொஞ்சம் சர்க்கரை செய்துகொள்கிறது. பழம் முழுவதும் ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்று உலகெங்கும் பல பத்தாண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில், அந்தத் திறன் குறைந்து இனிப்பும் குறைந்துபோனதை 2012ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் மரபணு வரை சென்று காட்டினார்கள். நம் ஊர்த் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 ரகம், இந்த அன்னஞ்சி நாட்டு ரகத்தில் சடுதி மாற்றத்தை, அதாவது மரபணுவில் திடீர் மாற்றத்தை, தூண்டி உருவாக்கப்பட்டதுதான் என்று உனக்குப் பள்ளி நாட்களிலேயே சொல்லியிருக்கிறேன். தொலைவான சந்தைக்கு அனுப்பத் தாங்குவது அதன் சிறப்பு. ஆனாலும் காம்பைச் சுற்றிய தாயின் பச்சைத் தோளை அது விடவில்லை.

நீ அங்கே தக்காளி வாங்கினால் குளிர்பெட்டியில் வைக்காதே. 12 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் மணம் உண்டாக்கும் வேலையைப் பழம் நிறுத்திவிடுகிறது. பிறகு வெளியே எடுத்து வைத்தாலும் அது முழுமையாகத் திரும்புவதில்லை. காம்புப் பக்கம் கீழாக இருக்குமாறு மேசைமேல் வை. இரண்டு பேருக்கு ஒரு நேரத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் வாங்கு. ஒருவருக்குத்தான் என்றால் இரண்டு பழம் போதும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் சனிக்கிழமைச் சந்தையிலிருந்து செரோக்கி பர்ப்பிள் என்ற கருஞ்சிவப்புத் தக்காளியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாய். செவ்விந்தியர்களான செரோக்கி மக்களிடமிருந்து வந்த விதை என்று சொல்லப்படுவதாகவும், வெட்டியதும் அப்பத்தா வீட்டுக் கொல்லை நினைவுக்கு வந்ததாகவும் எழுதியிருந்தாய். தாவரவியல் வாத்தியார் மகள் என்று அதை ஊர் முழுவதும் காட்டினேன். அதன்பின் ஒரு படமும் வரவில்லை. சந்தைக்குப் போகிறாயா, சமைக்கிறாயா என்பதுகூடத் தெரியவில்லை. அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சமைக்கும்போது மறக்காதே, குளிர்பெட்டி வேண்டாம்.

அந்த இளைஞனின் பாட்டியைப் பற்றிக் கேட்டதிலிருந்து எனக்கு உறக்கம் சரியாக இல்லை. நம் வீட்டிலும் விதை இருந்தது. கொல்லைச் சுவரில் அப்பத்தா தக்காளி விதையைச் சாம்பலிலும் சாணத்திலும் பிசைந்து அப்பி வைத்திருப்பாள். உன் கல்யாணத்துக்கு வெள்ளையடித்தபோது, சம்பந்தி வீட்டார் கண்ணில் சாணம் படக் கூடாது என்று அத்தனையையும் சுரண்டிப் போடச் சொன்னவன் நான். முப்பத்தொரு ஆண்டுகள் பிள்ளைகளுக்குத் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பது, ஆகவே அதன் விதை தாயைப் போலவே முளைக்கும், ஒரு ஆண்டு போடாமல் விட்டாலும் அடுத்த ஆண்டு எடுத்து முளைக்க வைக்கலாம், அழித்துவிட்டால் மட்டும் திரும்பாது என்பதெல்லாம் தெரிந்தவன். அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லவில்லையே, ஆகவே வருத்தம் இல்லை என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

அந்த நாட்களில் நீயும் ஒன்றும் சொல்லவில்லை. உன்னிடமும் நான் கேட்கவில்லை. நல்ல குடும்பம், நல்ல வேலை, நீ மௌனமாக இருக்கிறாய், ஆகவே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். கேட்டிருக்க வேண்டும், கயல். வெள்ளையடிப்பதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

வாங்கிய பழங்களில் நன்றாகப் பழுத்த நான்கை எடுத்து வைத்தேன். விதையைச் சாறோடு ஒரு கிண்ணத்தில் இரண்டு நாள் புளிக்க விட்டு, மேலே மிதந்ததைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதை அலசி நிழலில் உலர்த்தியிருக்கிறேன். ஆடி முதல் வாரம் நாற்றங்கால் போடுவேன். இருபத்தைந்து நாளில் பிடுங்கி நடலாம். தீபாவளியை ஒட்டி முதல் பழம் பழுக்கும்.

அப்போது வா. தனியாக வந்தாலும் சரி, இருவராக வந்தாலும் சரி, ஏன் என்று நானும் அம்மாவும் கேட்க மாட்டோம். நீ சொன்னால் கேட்டுக்கொள்வோம். பயணச் செலவைப் பற்றி எண்ணாதே, சேமிப்பில் இருக்கிறது. கொல்லைச் சுவரில் வெள்ளை உரிந்து போயிருக்கிறது. இந்த முறை அடிக்கப் போவதில்லை.

அன்புடன்,
அப்பா